முதலில் "போச்சாது", அப்புறம்தான் கணக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவர். இப்போது பாலக்காட்டில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். மலையாளத்தில் ஒரு கடிதம் தயாரிக்க மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது என்றால் இவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. எழுதியதைப் பத்துத் தடவை படிக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடிதத்தில் ஓர் எழுத்து மாறிப்போய், மேலதிகாரி எல்லோர் முன்னாலும் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினாராம். அன்றிலிருந்து தன்னைத் திருத்திக்கொள்வதற்காகத் தினமும் ராத்திரி அன்றைய தப்புகளை டைரியில் எழுதிவருகிறார். இப்போது டைரியைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்கிறார். கடைசியில் கேட்டது இது: "என்மேல் நானே இரக்கம் காட்டவேண்டும் என்று சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் என் தரம் இறங்கிப்போய்விடாதா?"

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஊர் வேலந்தாவளம். இருபது வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் ஆலோசகராக யோசிப்பதற்கு முன்னால் எனக்கு என் பதினாறு வயது ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தமிழ்வழியில் பத்தாவது முடித்துப் பிரீ-டிகிரி (அப்போது பத்தாவதுக்குப் பிறகு இருந்த இரண்டு வருஷப் படிப்பு) சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் மலையாளம். முதல் மாதமே ஒரு பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். நமக்கு ஒரே ஒரு 'ப'. அங்கே நான்கு. பலன் என்று பொருள் தரும் சொல்லை, வலிமை என்று பொருள் தரும் சொல்லாகப் படித்துவிட்டேன். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பலம்'தான், என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) கையை நிறுத்தாமலே சொன்னார்: "போச்சாது உடு கண்ணு. நாளைக்கு ஆராச்சும் புள்ளைகிட்ட அந்த எழுத்தைக் கேட்டு நாலு தடவை சொல்லிப் பாரு."

"போச்சாது" என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் "பரவாயில்லை". நான் அதைக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. தப்பே வராமல் பேச வந்தபிறகு பேசலாம் என்று காத்திருந்தேன். பேசாமல் இருந்தால் நாக்கு எப்படிப் பழகும்? அந்த நான்கு 'ப'வும் எனக்கு வசப்பட்டது வேலைக்குப் போனபிறகு, வேறு வழியில்லாமல் நோயாளிகளோடு தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான்.

படித்து முடித்து இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது, அம்மாயி சொன்ன அந்த இரண்டு வாக்கியமும் அவற்றின் வரிசையும்தான் உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் என்று தோன்றுகிறது. முதலில் "போச்சாது". அப்புறம் "அந்த எழுத்தைக் கேட்டுச் சொல்லிப் பார்". நீங்கள் இரண்டாவதை மட்டும் செய்யப் பார்க்கிறீர்கள். அதனால் அது நடக்கவே மாட்டேன் என்கிறது.

உங்கள் டைரியை எடுத்துக்கொள்வோம். அதில் நடப்பதைச் சுயபரிசோதனை என்று நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அது தினமும் ராத்திரி கூடும் ஒரு பஞ்சாயத்து போலத் தெரிகிறது. குற்றம் சாட்டுவதும் நீங்கள், தலைகுனிந்து நிற்பதும் நீங்கள், தீர்ப்பு சொல்வதும் நீங்கள். உங்களுக்காகப் பேச மட்டும் ஆள் இல்லை. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வகை யோசனையைப் பல வருஷம் ஆராய்ந்தார். மாடு அசைபோடுவதுபோல ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு மனச்சோர்வு நீள்கிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறமையும் குறைகிறது என்று காட்டினார். யோசிப்பதுபோலவே இருக்கும், ஆனால் யோசனை ஓர் அடிகூட நகராது.

சுயபரிசோதனை எது, அசைபோடுவது எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பத்து நிமிஷம் எழுதியபிறகு, முன்பு தெரியாத ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரிய வந்திருக்கிறதா? நாளைக்குச் செய்ய ஒரு சின்ன வேலை கையில் கிடைத்திருக்கிறதா? இரண்டும் இல்லாமல் நெஞ்சு மட்டும் கனத்திருந்தால் அது அசைபோட்டதுதான். அதை மேலும் ஒரு மணி நேரம் செய்தாலும் பலன் வராது.

பஞ்சாயத்தில் உண்மை வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மிரட்டி விசாரித்தால் ஒருவர் என்ன செய்வார்? ஒன்று மறைப்பார், இல்லையென்றால் செய்ததையும் செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வார். எதிலும் துளிக் குறைகூட இருக்கக் கூடாது என்கிற பர்ஃபெக்ஷனிஸ்ட் மனம் இரண்டாவது ரகம். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். அதை வைத்து என்ன திருத்த முடியும்? மாறியது ஓர் எழுத்து. திருத்தவேண்டியதும் அந்த ஓர் எழுத்து. பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை உடம்பின் பக்கமிருந்து விளக்குகிறார். வெளியே ஒருவர் நம்மைத் தாக்க வந்தால் விழித்துக்கொள்ளும் அபாய ஏற்பாடு, நம்மை நாமே கடிந்துகொள்ளும்போதும் விழித்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோடு நிற்கும், கவனம் குறுகிப்போகும். அந்த நிலையில் உடம்புக்குத் தப்பிக்க வழி தேடத் தெரியும், பொறுமையாகப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் வரிசையை வலியுறுத்துகிறேன். உடம்பு தணிந்தபிறகுதான் கண் தெளிவாகப் பார்க்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். தரம் இறங்கிவிடுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மாணவர்களுக்குக் கடினமான ஒரு சொல்லறிவுத் தேர்வு வைத்தார்கள். (சொல்லறிவு! உங்களுக்கும் எனக்கும் ரொம்பப் பொருந்துகிற தேர்வு.) பலரும் மோசமாகச் செய்தார்கள். ஒரு பிரிவினரிடம், "இது பலருக்கும் கஷ்டமாக இருக்கிற தேர்வுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்" என்கிற மாதிரி சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், "இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததென்றால் நீங்கள் கெட்டிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்" என்று புகழ்ந்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. அப்புறம், அடுத்த தேர்வுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதிக நேரம் உட்கார்ந்து படித்தது முதல் பிரிவு. இரக்கம் அவர்களைச் சோம்பேறியாக்கவில்லை, புத்தகத்தை மறுபடி திறக்கும் தைரியத்தைக் கொடுத்தது. 2010-இல் கனடாவில் முதல் வருஷக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

உங்களிடமே இதற்குச் சாட்சி இருக்கிறது. மூன்று மாதம் உங்களைத் திட்டியிருக்கிறீர்கள். கடிதம் எழுதும் நேரம் குறைந்ததா? கூடியிருக்கிறது. திட்டுவதால் தரம் உயரும் என்றால் இந்நேரம் உயர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊரார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பை உங்கள் கற்பனை என்று நான் தள்ளமாட்டேன். எல்லையில் வளர்ந்தவர்களுக்கு அது நிஜம். கேரளத்தில் நாம் "தமிழ்க்காரர்", கோயம்புத்தூர் போனால் "மலையாளத்து ஆள்". ஒரு தப்பு செய்தால் அது நம் கணக்கில் மட்டும் ஏறாது, நம் பேச்சு, நம் ஊர், நாம் படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றின் கணக்கிலும் ஏறும் என்ற பயம் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொள்கிறது. 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் கொடுத்தது. அப்படிச் சட்டம் போட்ட மாநிலத்தில்தான் என்னிடம் வருகிற எத்தனையோ பிள்ளைகள் வரிசையில் நின்று தமிழில் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

பால் ஹியூயிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் பர்ஃபெக்ஷனிசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதிகம் பிணைந்திருப்பது இந்த மூன்றாவது. உங்கள் எழுத்தில் எனக்குக் கேட்பதும் அதுதான். உங்கள் பிரச்சினை உங்களுடைய பலவீனம் மட்டுமில்லை, அதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. அதனால் "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று உங்களை மேலும் ஒரு குற்றத்துக்கு ஆளாக்காதீர்கள். அம்மா அப்பாவையும் குற்றவாளியாக்க வேண்டாம். எல்லைப்பக்கத்துப் பெற்றோர் "நீ மத்தவங்களைவிட ஒரு படி மேலே இருந்தாத்தான் மதிப்பாங்க" என்று சொன்னது பெரும்பாலும் தாங்கள் பட்டதை வைத்துத்தான்.

சரி, "போச்சாது" என்பதை மனசுக்குள் எப்படிச் சொல்வது?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ராத்திரி உங்களைத் திட்டுகிற குரல் எந்த மொழியில் பேசுகிறது? இந்தக் கேள்வியை என்னிடம் வருகிற எல்லைப்பக்கத்தவர் எல்லோரிடமும் கேட்பேன். நிறையப் பேருக்கு அது மலையாளத்தில் பேசுகிறது, சிலருக்கு இங்கிலீஷில். யாரிடம் முதலில் அவமானப்பட்டார்களோ அவர்கள் குரலிலேயே பேசுகிறது. பிறகு, ஆறுதல் எந்த மொழியில் வரும் என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுத் தமிழில் ஏதாவது சொல்வார்கள். சிலருக்கு அங்கேயே கண் கலங்கும். துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் பேசுகிறவர்களிடம் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது. சின்ன வயதில் கேட்ட கண்டிப்பு வார்த்தைகளைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்கள் தோலில் பதிவான உணர்ச்சி மாற்றம் ஆங்கிலத்தில் கேட்டதைவிட அதிகமாக இருந்தது. கண்டிப்பு அவ்வளவு ஆழமாக இறங்கும் என்றால் ஆறுதலும் அந்த வழியாகவே இறங்கும் என்பது என் அனுபவம்.

அதனால் புத்தகத் தமிழில் "நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்லும் பயிற்சிகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஜோன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் காட்டினார்கள்: தன்மதிப்பு குறைவாக உள்ளவர்கள் "நான் அன்புக்குரியவன்" போன்ற வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. மனம் உடனே "பொய்" என்று எதிர்வாதம் செய்கிறது. "போச்சாது" அப்படியில்லை. அது உங்களைப் புகழவில்லை, நடந்ததை மறுக்கவும் இல்லை. நடந்தது நடந்தது, அதனால் நீ என்னுடைய ஆள் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. மலையாளத்தில் "சாரமில்ல" என்பார்களே, அதுவும் இதற்குப் பக்கத்தில் வரும். இரண்டில் எது உங்கள் வீட்டில் புழங்கியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய குரலில் கேட்டீர்களோ அந்தக் குரலிலேயே நினைத்துப் பாருங்கள். உங்கள் பெயரையும் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னைப் பெயர் சொல்லி, வேறொருவரிடம் பேசுவதுபோலப் பேசினால் பதற்றத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்க முடிகிறது என்று ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் சொல்கின்றன.

சுயகருணை பற்றிய ஆராய்ச்சியை 2003-இல் தொடங்கிவைத்த கிரிஸ்டின் நெஃப் அதில் மூன்று இழைகள் இருப்பதாகச் சொல்கிறார். தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லோருக்கும் நேர்வது என்ற உணர்வு, வலியைப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. இதில் நம்மைப் போன்றவர்களுக்கு நழுவிப்போவது நடுவில் உள்ளது. யானைக்கும் அடி சறுக்கும் என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வோம், நமக்கு மட்டும் சறுக்கவே கூடாது. உங்கள் அலுவலகத்தில் மலையாளமே தாய்மொழியாக உள்ளவர்கள் எழுதும் கடிதங்களிலும் திருத்தம் விழுகிறதா என்று ஒரு வாரம் சும்மா கவனித்துப் பாருங்கள். விழும். அவர்கள் அதை அழித்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளத்தான்.

டைரியை விடவேண்டாம், ஆனால் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். படுக்கையில் எழுதக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போது பதினைந்து நிமிஷம் போதும். வாசல்படியாக இருக்கலாம், விடுமுறை நாளில் சித்தூர் ஆற்றங்கரையாக இருக்கலாம். (அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று ஒரு பெயர் உண்டு. சோகத்தை அழிப்பது என்று பொருள். அந்தப் பெயருக்காகவே நான் சிலரை அங்கே போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.) பேனாவைத் தொடுவதற்கு முன் பாதத்தைத் தரையில் பதித்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்தாறு தடவை விடுங்கள். உங்கள் வார்த்தையைச் சொல்லுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

என்ன நடந்தது என்பதை ஒரு கேமரா பதிவு செய்ததுபோல எழுதுங்கள். "என் மானம் போயிற்று" என்று கேமராவில் பதிவாகாது. "ஓர் எழுத்து மாறியிருந்தது, அவர் வட்டம் போட்டார், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்" என்பது பதிவாகும். அடுத்து, அப்போது உடம்பில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். காது சூடானதா, தொண்டை அடைத்ததா? இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் மனம் இறங்கி வருவது பெரும்பாலும் இந்த வரியில்தான். பிறகு இதே சம்பவம் உங்கள் தோழிக்கு நடந்து அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். கடைசியாக, நாளைக்கு ஒரே ஒரு சின்ன வேலை: அந்த எழுத்து வரும் ஐந்து சொற்களைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வது. இரண்டாவது வேலை மனசில் வந்தால் விட்டுவிடுங்கள். பட்டியல் போட ஆரம்பித்தால் பழைய பஞ்சாயத்து திரும்ப வந்துவிடும்.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பர்ஃபெக்ஷனிஸ்ட்கள் இந்த டைரியையும் குறையில்லாமல் எழுதப் பார்ப்பார்கள். ஒருநாள் விட்டுப்போனால் "இதுகூட எனக்கு முடியவில்லை" என்பார்கள். வாரத்துக்கு நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், அடித்து எழுதாதீர்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

அலுவலகத்துக்கு ஒரு சோதனை. பெரிய அதிகாரிக்குப் போகும் கடிதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பக்கத்துப் பிரிவுக்குப் போகும் சாதாரணக் குறிப்பு ஒன்றை எடுங்கள். இரண்டு தடவை மட்டும் படித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து, உண்மையில் என்ன நடந்தது என்று அதன் கீழே எழுதுங்கள். ஆறேழு சீட்டு சேர்ந்தபிறகு வரிசையாக வைத்துப் பாருங்கள். எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் அசையாத மனம் தன் கையெழுத்தில் உள்ள சாட்சிக்கு அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டில் நிஜமாகவே தப்பு வந்து யாராவது கேட்டால், "ஆமாம், திருத்தித் தருகிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பழகுங்கள். மன்னிப்புக் கேட்டு, காரணம் சொல்லி, மறுபடி மன்னிப்புக் கேட்டு நீட்ட வேண்டாம்.

முதல் சில நாள் கனிவாகப் பேசினால் அழுகை வரலாம், எரிச்சல்கூட வரலாம். ரொம்ப நாள் மூடியிருந்த அறையின் கதவைத் திறந்தால் முதலில் தூசிதான் வரும். ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷம் போதும். எழுத முடியாத நாளில் ஒரு கை வேலை செய்யுங்கள், கடலைக்காய் உரியுங்கள்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், வேலைக்குப் போகவே கால் வரவில்லை என்றால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலும்கூட, டைரியோடு மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. பணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். கேரளத்திலிருந்து கூப்பிட்டு மலையாளம் எடுத்தால் பதற வேண்டாம், "தமிழில் பேசணும்" என்று சொல்லுங்கள். நேரில் பார்ப்பதானால் எந்த மொழியில் உங்களால் அழ முடியுமோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள்.

இந்த மூன்று மாதத்து டைரியைக் கிழித்துப் போடவோ எரிக்கவோ தோன்றலாம். வைத்திருங்கள். புதிய முறையில் ஒரு மாதம் எழுதியபிறகு, அதில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, உங்கள் தங்கை எழுதி உங்களிடம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அந்தச் சிவப்பு வட்டம் போட்ட நாளின் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவசரமில்லை.